ஒரு கை பிடிங்க, சார்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பில் நீ கேட்டாய். அந்தோணியார் கோயிலில் பூசை முடிந்து நேராகப் போனோம், அம்மா மணலில் ஜமக்காளம் விரித்து வறுத்த மீனைப் பிரித்து வைத்தாள், நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, நான் இந்த வேலையில இருக்கட்டுமா, விட்டுடட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாய். நான் என்ன செய்தேன்? மீனில் முள் இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, அதை எடுப்பதிலேயே முழுக் கவனமாக இருந்தேன். "வீட்டுக்குப் போயி சொல்றேன்" என்றேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தால் அதற்குள் உன் அம்மா திறந்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது குறுக்கே பேச முடியாது அல்லவா?

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் காந்தி மார்க்கெட்டில் டீ நேரத்தில் லோடுமேன்களுக்கு எல்லாம் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவன் நான். அந்தத் தைரியத்தில் பேனாவைப் பிடித்திருக்கிறேன். எழுதி முடித்ததும் இதையும் மார்க்கெட்டில் ஒரு தடவை வாசிக்க வேண்டும் என்று என்னோடு மூட்டை தூக்குகிற உன் சவரி மாமா சொல்லியிருக்கிறான். நாலு பேர் கேட்கட்டும். உன்னைப் பற்றி நாலு பேர் கேட்பதில் எனக்குப் பெருமையைத் தவிர ஒன்றும் இல்லை.

விஷயம் என்ன என்று முதலில் நேராக வைத்துவிடுகிறேன். உன் சித்தி, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவள் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் உனக்கு வேலை பேசி வைத்திருக்கிறாள். ஏசி போட்ட கடை. வெயில் இல்லை, மழை இல்லை, படிக்கட்டு இல்லை. வருகிற திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் உன் பார்சல் வேலை. காலையில் குடோனுக்குப் போய்ப் பெட்டிகளை ஸ்கூட்டரில் கட்டி, முதுகில் ஒரு பெரிய பையையும் மாட்டிக்கொண்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை. சாயங்காலம் நீ வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது நெற்றியில் அதன் தடம் அப்படியே பதிந்திருக்கும். நான் மூட்டை தூக்கினேன் என்றால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ பி.காம். படித்த பிள்ளை.

அந்தக் கிரைண்டர் நாளை நான் மறக்கவே மாட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கியிருக்கிறார். கல்லோடு சேர்த்து ஒரே பெட்டி. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத வீடு. நீ அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி வந்து, ஸ்கூட்டரில் உட்கார முடியாமல் அப்படியே நின்றுவிட்டாய். பக்கத்து இளநீர்க் கடைக்காரர்தான் எனக்குப் போன் செய்தார். ஆட்டோவில் உன்னை ஏற்றிக்கொண்டு வந்து பாயில் படுக்க வைத்தபோது, வலி எங்கே என்று நான் கேட்கவில்லை. நான் கேட்ட முதல் கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கும். "யாரு தூக்கி விட்டா?" என்றேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "யாரும் இல்லப்பா, நானேதான் தூக்கினேன்" என்றாய். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உன் மேல் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை.

எங்கள் மார்க்கெட்டில் அப்படி ஒரு பேச்சே கிடையாது. எவனும் தன் மூட்டையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள மாட்டான். "ஒரு கை பிடிங்க" என்று சத்தம் கொடுத்தால் போதும், பக்கத்தில் யார் நின்றாலும் வந்து பிடித்துத் தூக்கிவிட வேண்டும். ஆள் யார், சாதி என்ன, சண்டையா சமாதானமா என்பதெல்லாம் மூட்டை தலைக்கு ஏறிய பிறகுதான். வெங்காய மண்டி முதலாளி ஒருவர், வெள்ளை வேட்டியில் கறை படக்கூடாது என்று நாற்காலியில்கூட பேப்பர் விரித்து உட்காருவார். அவரே போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தவர், நான் சத்தம் கொடுத்ததும் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மூட்டையின் மறுபக்கத்தைப் பிடித்தார். வேட்டி மண்ணானது. அதற்காக என்னை ஒன்றும் சொல்லவில்லை, போனில் இருந்தவனைத்தான் இன்னும் கொஞ்சம் திட்டினார். இன்னொரு கதை உனக்குத் தெரியும். சவரிக்கும் அவன் அண்ணனுக்கும் வீட்டுச் சுவர் விவகாரத்தில் பேச்சே அறுந்து போயிற்று. ஒரே கல்யாணத்தில் இரண்டு பேரும் இரண்டு பந்தியில் உட்காருவார்கள். ஆனால் மார்க்கெட்டில் அண்ணன் "ஒரு கை" என்றால் சவரி போய்ப் பிடிப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான், மூட்டையைத் தூக்கிவிட்டு வந்துவிடுவான். இப்படி எங்களைத் தூக்கிவிட ஆள் இருந்ததால்தான் இந்த வயதிலும் என் முதுகு நிமிர்ந்து நிற்கிறது. என் மகள் தன்னந்தனியாக ஒரு படிக்கட்டில் கல்லைத் தூக்கிக்கொண்டு ஏறினாள் என்று கேட்டபோது, அது என்ன வேலையடா என்று எனக்குத் தோன்றியது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் இல்லை, தசைதான் பிசகியிருக்கிறது, படுத்து ஓய்வெடுக்கட்டும் என்றார். நாம் கிளம்பும்போது, "இனிமே தனியா வெயிட் தூக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "டாக்டரே சொல்லிட்டார், வேலையை விட்டுடு" என்றேன். நீ என்ன சொன்னாய்? "அவரு வேலையை விடச் சொல்லலப்பா. தனியா தூக்காதன்னுதான் சொன்னாரு." எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைத்தேன். "உனக்கு அங்க யாரு வந்து தூக்கிவிடுவா? அது மார்க்கெட்டா? கதவைத் திறந்து கையை நீட்டி வாங்கிட்டு மூடிட்டுப் போற ஜனம்" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வழக்கம் மார்க்கெட் வாசலைத் தாண்டினால் செத்துப்போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

உடம்பு தேறி நீ மறுபடியும் கிளம்பிய அன்றைக்கு நானும் சவரியும் ஒரு பைத்தியக்கார வேலை செய்தோம். மார்க்கெட்டில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, மொபெட்டில் உன் பின்னாலேயே ஸ்ரீரங்கம் வந்தோம். நீ கனமான பெட்டியோடு ஒரு வீட்டு முன்னால் நின்றால் போதும், சவரி தெரு முனையிலிருந்து தற்செயலாக வருவது போல வருவான். "அட, பாப்பாவா! என்ன கனமா இருக்கா? குடு" என்பான். அடுத்த வீட்டில் நான் தற்செயலாக வருவேன். சவரிக்கு நடிப்பு வரவே வராது. மூன்றாவது தடவை அவன் வரும்போது கையில் பாதி கடித்த வடையோடு வந்தான். வடக்கு உத்திர வீதியில் வைத்து எங்கள் இரண்டு பேரையும் நீ பிடித்தாய். நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"அப்பா, நீங்க இன்னிக்கு வருவீங்க. நாளைக்கும் வருவீங்க. உங்களுக்கு முடியலன்னா அப்புறம் யாரு வருவா? என் முதுகை நீங்க காப்பாத்திக் குடுக்க வேணாம். மார்க்கெட்ல நீங்க உங்க அப்பாவையா கூட்டிட்டுப் போனீங்க? பக்கத்துல நின்னவனைத்தானே கூப்பிட்டீங்க? நானும் கூப்பிடுறேன். போங்க, போயி பொழப்பப் பாருங்க."

சவரி வடையை வாயில் போட்டுக்கொண்டு, "பிள்ளை சொல்றது நியாயம்டா" என்று கட்சி மாறிவிட்டான். நாங்கள் கிளம்பினோம். ஆனால் மொபெட் ஸ்டார்ட் ஆகவில்லை. நான் அதை உதைத்துக்கொண்டு நின்றதால்தான் அடுத்து நடந்ததைப் பார்த்தேன். நீ போனை எடுத்து, "சார், பார்சல் வந்திருக்கு. கொஞ்சம் கனம். கீழ வந்து ஒரு கை பிடிங்க சார்" என்றாய். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. "கொண்டு வரேன் சார், வரலன்னு சொல்லல. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டாய். மன்றாடவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் மூட்டைப் பக்கத்தில் நிற்பார்களே, அப்படி நின்றாய். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெரியவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நான் பூஜைக்குக் குளிச்சு மடியா இருக்கேம்மா, தொடப்படாது. இரு, புள்ளையாண்டான அனுப்பறேன்" என்றார். காதில் ஹெட்போன் மாட்டிய ஒருத்தன் அரைக்கால் சட்டையோடு இறங்கி வந்தான். யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தான். நீ "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்ல, இரண்டு பேரும் ஏறிப் போனீர்கள். சவரி என்னைப் பார்த்தான், நான் மொபெட்டைப் பார்த்தேன். அது அப்போதுதான் ஸ்டார்ட் ஆயிற்று.

அதற்கப்புறம் எல்லாம் நல்லபடி நடந்துவிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டவர்கள் உண்டு. குடோனுக்குப் போன் போட்டு, "உங்க பொண்ணு எங்களையே தூக்கச் சொல்லுது" என்று புகார் சொன்னவர்கள் உண்டு. வாங்குகிறவர்கள் போனில் போடுகிற ஸ்டார் உனக்குக் குறைந்தது. குடோன் இன்சார்ஜ் உன்னைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் உன் ஐடியை நிறுத்தி வேலையை விட்டே எடுத்துவிடுவேன் என்றார். அன்றைக்கு நீ சாப்பிடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாய். அம்மா உன் தலையைத் தடவிக்கொண்டே, "போதும்டி, அந்த ஸ்டாரு கீரு எல்லாம். சித்தி கடைக்குப் போயிடு" என்றாள். நானும் அதையேதான் சொன்னேன். நீயோ வழக்கம்போல மறுநாள் காலையில் போனாய். குடோனில் இறக்குகிற ஆட்கள் வரவில்லை, லாரி காத்திருக்கிறது, இன்சார்ஜே சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு பெரிய பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாராம். நீ போய் ஒரு வார்த்தை பேசாமல் மறுபக்கத்தைப் பிடித்தாயாம். பெட்டி இறங்கியதும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு உன்னையே பார்த்தாராம். அதற்கப்புறம் அவர் புகாரைப் பற்றி எடுக்கவே இல்லை. கனமான பார்சல் இருந்தால், "மேடம், கீழ வந்து ஒரு கை குடுத்துடுங்க" என்று அவரே போன் செய்து சொல்ல ஆரம்பித்தார். இதை நீ சொல்லும்போது சோற்றைப் பிசைந்த கையாலேயே மேசையைத் தட்டிச் சிரித்தாய். எவ்வளவு நாள் கழித்து அப்படிச் சிரித்தாய்!

இப்போது ஸ்ரீரங்கத்துத் தேர் நாள் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு நான் வரவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். வந்தேன். சத்தியமாக உனக்குத் தூக்கிவிட வரவில்லை, தேர் பார்க்கத்தான் வந்தேன். சரி, உன்னையும் பார்க்கத்தான். சித்திரைத் தேருக்கு ராஜகோபுரத்துப் பக்கமே தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். உள்ளே மனிதத் தலைகள்தான். நீ ஸ்கூட்டரை ஓரம் நிறுத்தி ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாய். கல்யாண வீட்டுக்கு ஜோடிக் குத்துவிளக்கு, பித்தளை. குத்துவிளக்குகூட பார்சலில் வருகிற காலம் வந்துவிட்டது பார். முகூர்த்தம் மறுநாள், அன்றைக்கே சேர வேண்டும். ஒரு ஆள் தூக்குகிற கனம் இல்லை. நீ சுற்றும் முற்றும் பார்த்தாய். நான் இளநீர்க் கடைக்குப் பின்னால் நின்றேன். என் கை தானாக எழுந்தது. உத்திர வீதியில் நீ போட்ட சத்தம் ஞாபகம் வந்தது. கையைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

"ஒரு கை பிடிங்க!" என்றாய்.

அட, அந்தச் சத்தம்! என் சத்தம்தான் அது, அதே இழுப்பு, ஆனால் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நிழலில் உட்கார்ந்திருந்த டெலிவரிப் பையன்கள் எழுந்து வந்தார்கள். உன் கம்பெனி இல்லை. சிவப்புச் சட்டை, மஞ்சள் சட்டை, ஊதாச் சட்டை, எல்லாம் போட்டிக் கம்பெனிக்காரர்கள். "அக்கா, இந்தப் பக்கம் நான்" என்று ஒருத்தன் பிடித்தான். கூட்டத்துக்குள் நுழைந்ததும் பெட்டி நகரவில்லை. தேருக்கு வந்திருந்த கிராமத்து ஜனத்தில், தலையை மொட்டையடித்து மஞ்சள் வேட்டி கட்டிய ஒரு பெரியவர், "என்னம்மா உள்ள?" என்று கேட்டார். "குத்துவிளக்குங்க. கல்யாண வீட்டுக்கு" என்றாய். "கல்யாணத்துக்கா? குடு குடு, வழி விடுங்கப்பா!" என்று அவரும் ஒரு மூலையைப் பிடித்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். யாரோ பழக்கதோஷத்தில் "ரங்கா! ரங்கா!" என்று குரல் கொடுக்க, கூட்டமே "ரங்கா! ரங்கா!" என்று திருப்பிச் சொல்லி வழி விட்டது. உன் பெட்டி ஜனங்களின் கைகளில் ஏறி, தலைகளுக்கு மேலே மிதந்து போயிற்று. நீ அதற்குப் பின்னால், "பாத்துங்க, பாத்து, கண்ணாடி இல்ல, ஆனாலும் பாத்து" என்று சிரித்துக்கொண்டே ஓடினாய். நான் இளநீர்க் கடைக்குப் பின்னால் நின்று அழுதேன், பாப்பா. வெளிப்படையாகவே சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். நானும் சேர்ந்து "ரங்கா!" என்று கத்தினேன். அந்தோணியார் கோவித்துக்கொள்ள மாட்டார், அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்.

மார்க்கெட் வாசலைத் தாண்டினால் செத்துப்போகும் என்று நான் சொன்ன வழக்கத்தை நீ ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டாய். நான் சொன்னது தப்பு. இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

சரி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஜவுளிக்கடை மட்டமான வேலை இல்லை. உன் சித்தி அதில் நின்றுதான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள், அவள் கால் நரம்பு சொல்லும் அந்தக் கதையை. பார்சல் வேலை சொர்க்கமும் இல்லை. வெயில் அப்படியேதான் இருக்கும், டார்கெட் அப்படியேதான் இருக்கும், ஸ்டார் கொடுக்காத மகராசன் நாளைக்கும் இருப்பான். உடம்பு ஒரு நாள் போதும் என்று சொல்லும். அப்போது வீம்பு பிடிக்காதே. நானும் வீம்பு பிடிக்க மாட்டேன். ஆனால் கிரைண்டர் தூக்கிப் பாயில் படுத்த அன்றைக்கு நீ வேலையை விட்டிருந்தால், அது தோற்றுப்போய் விட்டதாக இருந்திருக்கும். இன்றைக்கு நீ தோற்ற ஆள் இல்லை. அதனால் என் வார்த்தை இதுதான்: இரு. நீ கூப்பிட்டால் கை வருகிற வரைக்கும் இரு. என்றைக்காவது கூப்பிட உனக்கே கூச்சம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நீயே தூக்கிவிடலாம் என்று தோன்றுகிறதா, அந்த நிமிஷமே பெட்டியை அங்கேயே கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. ஏன் வந்தாய் என்று நான் கேட்க மாட்டேன்.

அம்மா சம்மதிக்க வேண்டுமே என்று நீ யோசிப்பாய். அதற்கும் பதில் இருக்கிறது. நேற்றுக் காலை நீ கிளம்பிப் போன பிறகு கேஸ் சிலிண்டர் வந்தது. அம்மா அப்போதும் சித்தியிடம் போனில், "நீ அந்த முதலாளிகிட்ட சொல்லி வையி, அவ வந்துடுவா, நான் அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நம் வீட்டுப் படி உனக்குத் தெரியும், செங்குத்து. சிலிண்டர்காரர் வயதானவர், கீழே நின்று தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தார். அவர் யாரையும் கூப்பிடவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள், உன் அம்மா போனைச் சன்னலில் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள். "இருங்கண்ணே, தனியா தூக்காதீங்க. நீங்க மேல பிடிங்க, நான் கீழ பிடிக்கிறேன்" என்றாள். இரண்டு பேருமாக ஏற்றிக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார்கள். சன்னலில் உன் சித்தி "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

"நீ எதுக்கு இறங்கிப் போன? நான் வர மாட்டேனா?" என்று கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நம்ம பிள்ளையும் இப்ப எங்கயோ ஒரு படிக்கட்டுக்குக் கீழ நிக்கிறால்ல."

அப்புறம் போனை எடுத்து, "அவ வரலடி" என்றாள்.

அப்பா